கிசுமுவுக்கும் தாராவிக்கும் ஒரே அடுப்பு

கிசுமு, கென்யா
ஜனவரி 12, 2025

அன்புள்ள பூமாரிக்கு,

கோபத்தோடு விமானம் ஏறியவன் எழுதுகிறேன். பாதிக் கோபம் நைரோபியில் இறங்கும்போதே இறங்கிவிட்டது. மீதி இந்த ஊர் வெயிலில் காய்ந்து போனது. உனக்கு இன்னும் இருக்கும். உன் கோபம் நீ ஆட்டும் மாவு மாதிரி, நேரம் போகப் போகத்தான் பொங்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நம் ஒற்றை அறைக் கோலியில் நீ போனை எடுத்தால் மகள் சுப்பு கேட்கிறாள், எதிர்க் கதவில் பானுமதி கேட்கிறாள், மாடியில் இருப்பவர்கள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். அந்த அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடலாம், சமாதானம் பேச முடியாது. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். சுப்புவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மாட்டுங்கா காலேஜ் வரை அவளைப் படிக்க வைத்ததில் நமக்குக் கிடைத்த லாபம் இது.

இங்கே ஏரியைப் பார்த்துக் கடல் என்று நினைத்துவிட்டேன். கரை முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது. அதை வெட்டிச் சாணத்தோடு கரைத்துத் தொட்டியில் விட்டால் வாயு வருகிறது. அந்த வாயுவில் கொதிகலன் எரிந்து, குழாய் வழியாக ஆவி வந்து, பெரிய பெரிய அண்டாக்களில் கஞ்சி வேகிறது. பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அதுதான். சமைக்கும் பெண்கள் சங்கத்துக்கு அவுவோர் என்று ஒருத்தி தலைவி. தாராவியில் இட்லிப் பெட்டி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த நான் அங்கேயே செய்து அனுப்பிய கொதிகலனை அவள் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள். பிறகு எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னாள். இங்கே என்னை ‘ஃபுண்டி’ என்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவன் என்று அர்த்தமாம். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

என்னை இங்கே அனுப்பிய செம்பூர் ஆபீஸ் ஷைஸ்தா மேடம் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். இதே தொட்டி, இதே கொதிகலன் நம் சந்துக்கும் வரும், ஆனால் சந்தில் இருக்கிற எல்லா இட்லி அடுப்பும் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் சம்மதித்தார்கள். கொதிகலன் செய்தவன் பெண்டாட்டி ஒருத்திதான் மாட்டேன் என்றாள். ஏன் என்று இன்னும் சொல்லவில்லை. உன் இருமலுக்காகத்தானே நான் இந்த வேலைக்கே தலையைக் கொடுத்தேன். இருமல் எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

உன்
வானமாமலை


தாராவி
ஜனவரி 27, 2025

அன்புள்ள சுப்பு அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இருமலும் சுகமாக இருக்கிறது, என்னை விட்டுப் போக மனசில்லாமல்.

கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன், அது தப்பாகிப் போனது. சுப்பு வந்து, “என்னம்மா எழுதிருக்காரு அப்பா?” என்று பிடித்துக்கொண்டாள். கரண்ட் பில் கட்டச் சொல்லியிருக்கிறார் என்றேன். கரண்ட் பில்லுக்கு எவளாவது சிரிப்பாளா என்று கேட்கிறாள்.

ஏன் மாட்டேன் என்றேன் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, பையில் துணியை எடுத்து வைத்தீர்கள். மீட்டிங் நடந்த இடத்தில் நம் விறகு ஜமால் பாய் கதவு ஓரமாக உட்கார்ந்திருந்தார், நீங்கள் பார்த்தீர்களா? அவரை யாரும் கூப்பிடவில்லை, விறகு போட வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் விறகே வேண்டாம், சந்து முழுக்க ஆவி என்று எல்லாரும் கைதட்டும்போது அவரும் கைதட்டினார். அந்த மனுஷன் முகத்துக்கு எதிரே, இவர் வயிற்றுக்கு என்ன வழி என்று நான் எப்படிக் கேட்பேன்? கேட்டால் அவருக்குத்தான் அவமானம். அதனால் மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். பிடிவாதக்காரி என்று எனக்குப் பெயர் வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபர்னிச்சர் பட்டறைகளில் வெட்டிப் போட்ட துண்டு மரத்தைப் பொறுக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வராவிட்டால் இந்தச் சந்தில் எந்தக் காலத்தில் இட்லி வெந்தது? ஊரடங்கு சமயத்தில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது நம் வாசலில் விறகு கிடந்ததே, யார் போட்டார்கள்? எனக்கு மட்டும் புகை பிடிக்குமா? விடியற்காலையில் கண் எரிந்து, நெஞ்சு கட்டி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்கிறவள் நான்தானே. ஆனால் என் நெஞ்சுக்குள் புகை போவது நிற்க வேண்டும் என்பதற்காக இன்னொருத்தர் வீட்டில் அடுப்பே எரியாமல் போகக்கூடாது.

நாற்காலி போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். உட்கார்ந்தே இருந்து முதுகைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு
பூமாரி


கிசுமு
பிப்ரவரி 9, 2025

அன்புள்ள பூமாரிக்கு,

ஜமால் பாய் கதவு ஓரத்தில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்க ஷைஸ்தா மேடம் காட்டிய படத்தில் இருந்தது.

உன் கடிதத்தை அவுவோரிடம் சொன்னேன். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் ஏது? இங்கே ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் ஒருவர் இருக்கிறார், நம் பம்பாய் இந்தியை அவரிடம் கொட்டினால் அவர் இவர்கள் பாஷையில் திருப்பிச் சொல்லுவார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவுவோர் எழுந்து நின்றுவிட்டாள்.

இங்கேயும் அதே கதைதான் நடந்திருக்கிறது. முன்னால் இவர்கள் சமைத்தது கரியில். கரி விற்றுப் பிழைத்த பெண்கள் ஒரு கூட்டம். தொட்டி கட்டி முடித்த அன்றைக்கு அந்தப் பெண்கள் வந்து தொட்டி மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். எழுந்திருக்கவே இல்லை. எல்லாரும் தெரிந்த முகங்கள், ஒரே சர்ச்சில் கும்பிடுகிறவர்கள், யார் யாரைப் பிடித்துத் தள்ளுவது? கடைசியில் சங்கத்துக்காரர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இப்போது ஏரியில் படகு விட்டு ஆகாயத்தாமரை வெட்டிக்கொண்டு வருவது அந்தக் கரிக்காரப் பெண்கள்தான். சங்கத்தில் அவர்களுக்கும் சம பங்கு. அவர்கள் வெட்டிக்கொண்டு வராத அன்றைக்கு இங்கே ஒரு பிள்ளைக்கும் கஞ்சி கிடையாது.

இதை நான் ஆபீஸில் சொல்லி, ஆபீஸ் பணம் கொடுக்கிற ஐரோப்பாவுக்குச் சொல்லி, ஐரோப்பா செம்பூருக்குச் சொல்லி, செம்பூர் உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள் அவுவோர். அவளே வீடியோவில் வந்து சந்துக்காரர்களிடம் பேசுகிறாளாம். கரிக்காரப் பெண்களையும் கூட்டி வருகிறாள். ஜமால் பாயைக் கதவு ஓரத்தில் உட்கார வைக்காதே.

நீ மாட்டேன் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. இதை வேறு யாரிடமும் சொல்லாதே, என் மானம் போய்விடும்.

உன்
வானமாமலை


தாராவி
மார்ச் 16, 2025

அன்புள்ள சுப்பு அப்பாவுக்கு,

வீடியோ மீட்டிங் நடந்த விதத்தைக் கேட்டால் அங்கே உட்கார்ந்தே சிரிப்பீர்கள். சந்தே ஷேர் ஆட்டோ பிடித்துச் செம்பூர் ஆபீஸுக்குப் போனோம். ஜமால் பாயை நடு நாற்காலியில் உட்கார வைத்தேன். மனுஷன் முள் மேல் உட்கார்ந்தவர் போல நெளிந்தார். அவுவோர் இங்கிலீஷில் சொல்ல, ஷைஸ்தா இந்தியில் சொல்ல, பின்வரிசைக்கு நான் தமிழில் சொன்னேன். ஒரு சிரிப்பு மூன்று தடவை கேட்டது.

கரிக்காரப் பெண்கள் கதையைக் கேட்ட பிறகு நான் எழுந்து, நம் தொட்டிக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் மிஞ்சும் காய்கறிதானே தீனி, அதை ஜமால் பாய் வண்டியில் கொண்டுவரட்டும், அவருக்கும் நம்மைப் போலவே பங்கு என்றேன். எல்லாரும் சரி என்றார்கள். ஜமால் பாய்தான் சரி என்று சொல்லவில்லை.

“நான் லக்டிவாலா, பஹன். கச்ராவாலா இல்ல” என்றார். நான் விறகுக்காரன் தங்கச்சி, குப்பைக்காரன் இல்லை என்று.

அவர் சொன்னது நியாயம்தான். நாம் யாருக்கோ நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் குப்பை அள்ளச் சொல்லிவிட்டோம். திரையில் இருந்த கரிக்காரப் பெண் ஒருத்தி, ஷைஸ்தா சொன்னதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உனக்கு எப்படி இருந்தால் சரி என்று அவரையே கேட்டாள். எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை.

பிறகு ஜமால் பாய் வாயைத் திறந்தார் பாருங்கள், மூட முடியவில்லை. தெருவில் கொட்டினதைத் தொட மாட்டாராம். கடைக்காரர்கள் அவர் கொடுக்கும் டப்பாவில்தான் போட வேண்டும், பிளாஸ்டிக் கலந்தால் திருப்பிக் கொட்டிவிட்டு வருவார். மழைக்கு வண்டிக்குக் கூரை வேண்டும். தொட்டிக்கு எது போடலாம், எது கூடாது என்று முடிவு செய்வது அவர்தான், வேறு யாரும் மூடியைத் தொடக்கூடாது. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று கேட்டபோது மட்டும் ஷைஸ்தா சிரித்துவிட்டார்.

நானும் சம்மதம் என்று சொல்லிவிட்டேன். பழைய தோல் கிடங்கு இடிந்து கிடந்த இடத்தில் பள்ளம் தோண்டுகிறார்கள். உங்கள் பட்டறைப் பையன்கள் குழாய்க்கு அளவெடுத்துக்கொண்டு திரிகிறார்கள். நீங்கள் நின்று பார்க்க வேண்டிய வேலை. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். ஏரி மீன் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

இப்படிக்கு
பூமாரி


தாராவி
ஜூன் 14, 2025

அன்புள்ள சுப்பு அப்பாவுக்கு,

ஒரு பெரிய தப்பு நடந்துபோய்விட்டது. போனில் ஒன்றும் இல்லை, நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். இதில் முழுதும் எழுதுகிறேன், திட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதமாகச் சாணம் கரைத்து ஊற்றி, போன வாரம் வாயு நன்றாக வந்துவிட்டது. குழாயைத் திறந்து எல்லார் வீட்டுப் பெட்டிக்கும் ஆவி விட நாள் பார்த்தோம். தேங்காய் உடைத்தோம், ஜமால் பாய் வண்டிக்கும் மாலை போட்டோம். அன்றைக்கு வெந்த இட்லி மல்லிகைப் பூவாக வந்தது. கண் எரியாமல் இட்லியை எடுப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. பானுமதி அழுதேவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுவிட்டது. நம் சந்தில் யார் புதிதாக அடுப்பு வைத்தாலும் வீட்டுக்கு ஒரு கரண்டி உறைமாவு கொடுப்போமே, அவர்கள் மாவும் நன்றாகப் பொங்கட்டும் என்று. அதே மாதிரி தொட்டிக்கும் கொடுக்க வேண்டும் என்றாள் பானுமதி. “புளிக்கதுதான தொட்டிக்கும் வேல? நம்ம மாவ விட எது நல்லா புளிக்கும்?” என்று கேட்டாள். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. ஜமால் பாய் அந்நேரம் மார்க்கெட்டில் இருந்தார். நாங்கள் மூடியைத் திறந்து குங்குமம் வைத்து, கரண்டி கரண்டியாக ஊற்ற ஆரம்பித்தோம். கரண்டி போய்ச் சொம்பு வந்தது, சொம்பு போய் வாளி வந்தது. எவளும் அடுத்தவளை விடக் குறைவாக ஊற்றச் சம்மதிக்கவில்லை. நானும்தான்.

இரண்டு நாள் கழித்துத் தீ நீலம் போய் மஞ்சளாக ஆடியது. அதற்கு அடுத்த நாள் அதுவும் இல்லை. பாதி வெந்த இட்லி பெட்டிக்குள் கல்லாகக் கிடக்கிறது, வெளியே இட்லி எடுத்துப்போய் விற்கும் சைக்கிள்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் சுடலைக்கண்ணன் உள்ளே எட்டிப் பார்த்து, “என்னக்கா, இன்னைக்கு மாட்டுங்கால எல்லாரும் பட்டினியா?” என்கிறான். ஓடிப்போய்ப் பழைய அடுப்புகளைப் பற்ற வைத்தோம். ஜமால் பாய் பட்டறைகளுக்கு வண்டியைத் திருப்பி, விறகு கொண்டுவந்து போட்டார். நாங்கள் அவர் சொல்லை மீறி மூடியைத் திறந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சந்தில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. இதெல்லாம் நமக்கு ஆகாது, வெளிநாட்டுச் சாமான் என்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் எல்லாரும் விறகுக்கே திரும்பிவிடுவார்கள், பிறகு நானே கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். என்ன செய்ய என்று சீக்கிரம் எழுதுங்கள். நேற்றுப் புகையில் நின்றபோது முன்னைவிட அதிகமாக இருமினேன். நல்ல காற்றைக் கொஞ்சம் குடித்துப் பார்த்த நெஞ்சு அல்லவா, இனிமேல் சும்மா இருக்காது.

பூமாரி


கிசுமு
ஜூன் 15, 2025

அன்புள்ள பூமாரிக்கு,

திட்ட எனக்கு அருகதை இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் முதல் வாளி நம் வீட்டு வாளியாகத்தான் இருந்திருக்கும்.

அவுவோரிடம் சொன்னேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், மற்றவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு ரகசியம் சொன்னாள். இவர்களும் போன வருஷம் பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய புளிச்ச கஞ்சியை எல்லாம் தொட்டியில் கொட்டி இதே பாடு பட்டிருக்கிறார்கள். வெட்கத்தில் ஆபீஸுக்குச் சொல்லவே இல்லையாம். சொல்லியிருந்தால் நமக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

நன்றாகக் கேள். மாவுக்குப் புளிப்பு உயிர், தொட்டிக்கு அது ஆகாது. சாணத்தில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான் வாயு கொடுக்கிறது. புளிப்பு ஏறினால் அது சுருண்டுவிடும். தொட்டிக்கு இப்போது வயிற்றுக் கோளாறு, அவ்வளவுதான். தீனியை அடியோடு நிறுத்து. தேவ்நார் பக்கம் தபேலா மாட்டுக் கொட்டகையில் புதுச் சாணம் வாங்கிக் கரைத்து ஊற்று. நம் அடுப்புகளில் கிடக்கும் மரச் சாம்பலைச் சலித்து, தண்ணீரில் கலந்து, தினம் கொஞ்சமாக விடு. ஒரே நாளில் கொட்டிவிடாதே, யார் அதிகம் என்று போட்டி போடவும் விடாதே. மஞ்சள் தீ வந்ததும் அவசரப்படாதே, நீலமாகும் வரை பொறு. ஜமால் பாயிடம் மட்டும் பொறுப்பைக் கொடு. மற்றவர்களை மூடிப் பக்கம் விடாதே.

இன்னொரு விஷயம். பெரிய ஆபீஸிலிருந்து ஆள் வந்திருந்தார்கள். இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்க முடியுமா, இந்த வாயு ஆலைக்குப் பொறுப்பாளராக, என்று கேட்டார்கள். சம்பளமும் அதிகம், தனி அறை, என் பெயர் எழுதின கதவு. தாராவியில் என்னை யார் வானமாமலை என்று கூப்பிட்டார்கள், “ஏ வெல்டர்” என்றுதானே. மனசு ஆசைப்படுகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ என்ன சொல்கிறாயோ அதுதான். வா என்று எழுதினால் செப்டம்பரோடு முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். இரு என்றால் இருக்கிறேன். உன் வாயால் ஒன்றைச் சொல்.

உன்
வானமாமலை


தாராவி
ஜூலை 20, 2025

அன்புள்ள சுப்பு அப்பாவுக்கு,

நீலம் வந்துவிட்டது. முந்தாநாள் விடியற்காலை ஜமால் பாய் கதவைத் தட்டி, “பஹன், வந்து பாரு” என்றார். கொட்டுகிற மழையில் சந்தே கூடி நின்று ஒரு பர்னரைப் பார்த்தோம். பானுமதி மூடிப் பக்கம் போகவில்லை, தூரத்தில் நின்றே கும்பிட்டாள்.

இப்போது தினமும் பெட்டி நிறைய ஆவி. சுப்பு கொடியில் காயப்போட்ட துணி புகை வாடை அடிக்காமல் இருக்கிறதாம், காலேஜில் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லையாம். இத்தனை நாள் சுளித்தார்கள் என்று இப்போதுதான் சொல்கிறாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. இருமல் குறைந்திருக்கிறது. ஜமால் பாய் மாட்டுங்காவில் ஒரு கடைக்காரரிடம், “என் தொட்டி இதச் சாப்பிடாது” என்று வெங்காயத் தோலைத் திருப்பிக் கொடுத்தாராம். என் தொட்டி என்கிறார் பாருங்கள்.

அவுவோர் இங்கே வருகிறாள் என்று ஷைஸ்தா சொன்னார். மாவு புளிக்கவைப்பதையும் இட்லி வேகவைப்பதையும் கற்றுக்கொள்ள வருகிறாளாம். கஞ்சிக்குத் தட்டு வேண்டும், கரண்டி வேண்டும், இட்லியைப் பிள்ளைகள் கையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று அவளுக்கு யோசனை. ஹோட்டல் எதற்கு, நம் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே மழை உண்டா? குடை வைத்திருக்கிறீர்களா?

இப்படிக்கு
பூமாரி


கிசுமு
ஆகஸ்ட் 17, 2025

அன்புள்ள பூமாரிக்கு,

குடை வைத்திருக்கிறேன். சட்டை மூன்று வைத்திருக்கிறேன். தலையில் முடி குறைந்துகொண்டே வருகிறது. நீ கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டதற்கு மட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை.

ஆபீஸில் மாதக் கடைசிவரை பொறுங்கள் என்றேன். பிறகு இன்னொரு மாதம் பொறுங்கள் என்றேன். இனி என்ன சொல்லித் தள்ளிப்போடுவேன்? அவுவோர் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். அவளுக்குக் காரம் ஆகாது, மிளகாய்ப் பொடியை மறைத்து வை.

வா, இரு, இரண்டில் ஒன்று. ஒரு சொல்தான் கேட்கிறேன்.

உன்
வானமாமலை


தாராவி
செப்டம்பர் 21, 2025

அன்புள்ள சுப்பு அப்பாவுக்கு,

அவுவோருக்குக் காரம் ஆகாது என்று யார் சொன்னது? மிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்துக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் வந்ததிலிருந்து வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. அரிசி விற்கிற விலைக்கு முழுக்க அரிசி எதற்கு, உங்கள் ஊரிலும் சோளம் விளைகிறதே என்று கேட்டாள். அவர்கள் ஊரில் சோளத்தை ஊறவைக்கும் பக்குவத்தை அவள் சொல்ல, உளுந்துப் பக்குவத்தை நான் சொல்ல, பானுமதி நடுவில் புகுந்து கெடுக்க, நாலு தடவை வீணாகி ஐந்தாவது தடவை நன்றாகவே வந்தது. நிறம்தான் கொஞ்சம் சிவப்பு. சுடலைக்கண்ணன் மாட்டுங்காவுக்குக் கொண்டுபோனான். அங்கே நம் பழைய வாடிக்கை ருக்கு மாமி வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏண்டாப்பா, இட்லிக்கு என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாராம். மறுநாள் அவரே, “அந்தச் செவப்பு இட்லி இருக்கோ?” என்று பால்கனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்.

உங்களைப் பற்றி நிறையச் சொன்னாள். சுப்புதான் தமிழில் சொன்னாள், சொல்லும்போதே சிரித்துக்கொண்டு. கொதிகலனில் எது கேட்டாலும் நீங்கள் ‘இதை என் மனைவி இப்படிச் செய்வாள்’ என்றுதான் ஆரம்பிப்பீர்களாமே. அந்த ஊர்ப் பெண்களுக்கு என் பெயர் தெரியுமாம். இப்போதெல்லாம் கெட்டுப்போகாததைக் கழற்றி மாட்டிக்கொண்டு இருக்கிறீர்களாம். எல்லாவற்றையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார், அதனால் அவருக்கு வேலை இல்லை என்றாள்.

நேற்று இட்லித் துணியை அலசிக்கொண்டிருந்தோம். ஊருக்குப் போய் என்ன செய்யப் போகிறாய் என்று சுப்பு சும்மா கேட்டாள். அவுவோர் ஏதோ சொன்னாள். சுப்பு அதைத் தமிழில் சொல்லவில்லை, துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏட்டி, என்ன சொல்லுதா?” என்று அதட்டினேன். அப்புறம்தான் சொன்னாள். ஆலைப் பொறுப்பாளர் வேலைக்கு அவுவோரும் கேட்டிருந்தாளாம். இந்தியாக்காரர் முடிவு சொல்லட்டும், அதுவரை பொறு என்று பெரிய ஆபீஸில் சொல்லியிருக்கிறார்களாம். சொல்லிவிட்டு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் நல்ல மனிதர், அவருக்கு இது தெரியாது, நீ கோபப்படாதே என்றாள்.

எனக்கு யார் மேல் கோபம் வரும்? அவள் ஊர், அவள் ஏரி, அவள் ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற கஞ்சி. கரிக்காரப் பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசினவள் அவள். அந்தக் கதவில் எழுத வேண்டிய பெயர் அவளுடையது. ஜமால் பாய்க்கு இடம் இல்லை என்றுதான் நான் நம் சந்து முழுவதையும் நிறுத்தி வைத்தேன். நம் வீட்டு மனுஷன் இன்னொருத்தி இடத்தில் உட்காரப் போகிறார் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் என்ன மனுஷி?

இதைக் காரணமாகச் சொல்லி, வாங்க என்று எழுதி முடித்துவிடலாம். ராத்திரி அப்படித்தான் எழுதினேன். காலையில் கிழித்துவிட்டேன். அது நீங்கள் கேட்ட பதில் இல்லை.

நான் இத்தனை நாள் ஏன் எழுதவில்லை தெரியுமா? இங்கே உங்களை வெல்டர் என்றார்கள், அங்கே நாற்காலி போட்டார்கள். உங்கள் கடிதத்தில் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. வா என்று நான் ஒரு சொல் எழுதினால் அதையெல்லாம் விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். எனக்காக நீங்கள் சின்ன ஆளாகிவிடக் கூடாது என்று நினைத்தேன். இரு என்று எழுதவும் கை வரவில்லை. அதனால் குடை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவுவோர் அந்த வேலையைக் கேட்காமல் இருந்திருந்தாலும் இதை எழுதியிருப்பேன், கொஞ்சம் தாமதமாக. புகை போய்விட்டது, இருமல் போய்விட்டது, சந்து நன்றாக இருக்கிறது, சுப்பு நன்றாக இருக்கிறாள். நீங்கள் இல்லாமல் எனக்குத்தான் நன்றாக இல்லை. வாங்க.

பூமாரி


கிசுமு
செப்டம்பர் 23, 2025

அன்புள்ள பூமாரிக்கு,

வேலை அவுவோருக்குத்தான் என்று ஆபீஸில் சொல்லிவிட்டேன். அது அவள் கேட்டிருந்த வேலை என்று தெரியாமல் இத்தனை நாள் அந்தக் கதவை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இனி அவர்கள் வேறு ஆளைத் தேட முடியாது, சங்கத்துப் பெண்கள் எல்லாரும் என்னோடு வந்து அந்த அறைக்குள் நின்றார்கள். இந்தச் செய்தியை நீயே அவளிடம் சொல். கையில் இட்லித் தட்டு இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு டிசம்பரில் போகலாம் என்றார் ஆபீஸ்காரர். சரி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து உன் கடிதத்தை மறுபடியும் படித்தேன். படித்துவிட்டு நேரே திரும்பிப் போய், ஒப்படைக்க என்ன இருக்கிறது, எல்லாம் ஏற்கெனவே அவர்கள் கையில்தான் இருக்கிறது என்றேன். சங்கத்துப் பெண்கள் ஆமாம் என்று சத்தமாகச் சொன்னார்கள். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொன்னார்கள்.

உன் கடைசி வரிக்கு அழகாகப் பதில் எழுத வேண்டும் என்று நாலு தாளை வீணாக்கிவிட்டேன். எனக்கும் அப்படித்தான் பூமாரி. நீ இல்லாமல் எனக்கும் நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உன்
வானமாமலை